மூன்றாக உடைந்த மூச்சு

அத்தியாயம் 7

ரத்தத்தைக் கழுவ மூன்று வாளி கடல்நீர் ஊற்றியிருந்தார்கள். போகவில்லை. பழைய பலகை, குடித்துவிட்டது.

அது எங்கள் ஊர் ஓபரா அரங்கில், பாட்டு நாடகம் நடக்கும் மேடைக்கு அடியில் இருக்கும் நிலவறை. அங்கிருந்து ஒரு மரப்படி மேலே ஏறும். படி முடியும் இடத்தில், மேடையின் முன்விளிம்பில், நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டி, பாடுகிறவர்களுக்கு ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் எடுத்துக் கொடுப்பது கிழவர் எவாரிஸ்தோவின் பிழைப்பு. முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தார். நேற்று சனிக்கிழமை ஆட்டம் முடிந்து விளக்கணைக்க வந்தவர்கள், அவர் இந்தப் படியடியில் மண்டை பிளந்து கிடந்ததைப் பார்த்தார்கள். பக்கத்தில் பன்னிரண்டு கிலோ இரும்புக் கட்டி. திரைச்சீலைக் கயிற்றில் எடைக்குக் கட்டுவது.

கட்டியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கயிற்றுக்காரன் ஈலியோவின் ஞாபகம் வந்தது. போன வாரம்தான் கிழவரோடு கைகலப்பு. செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள், ரத்தம். போலீஸ் வருவதற்குள் கும்பலாகப் பாடும் கோரஸ்காரர்களும் தச்சர்களுமாகச் சேர்ந்து அவன் இரண்டு கைகளையும் கதவிடுக்கில் வைத்து, கதவை அறைந்து மூடினார்கள். ஏழு விரல்கள் போயின. கயிறு இழுத்துச் சோறு தின்கிறவனுக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

அவன் மனைவி மீன் சந்தையிலிருந்து செதிலும் கையுமாக எங்களிடம் ஓடி வந்தாள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானும் பர்சாக்கியும் அந்த நிலவறையில் நின்றோம்.

ஒத்தொரீனோ பர்சாக்கி கப்பல் பட்டறையில் பதினாறு வருஷம் ரிவெட் ஆணி அடித்தவர், இப்போது கூலிக்குத் துப்புத் துலக்குகிறவர். இடது காது அங்கேயே செத்தது. அவருக்கு ஓபராவும் டிராம் திரும்புகிற சத்தமும் ஒன்றுதான். நான் லீபெரோ. லிவோர்னோ துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள்பட்டை நழுவியபின், அவருக்கு வர வேண்டிய அடிகளை வாங்குகிற வேலையில் சேர்ந்தேன்.

"மூணு மணிக்குப் படகு. தீவு ஜெயில். அங்க எவாரிஸ்தோவோட தங்கச்சி மகனுங்க ரெண்டு பேர் இருக்கானுங்க. உன் கட்சிக்காரன் திங்கக்கிழமை விடியறதப் பார்த்தா, அது மாதாவோட கருணை" என்றார் இன்ஸ்பெக்டர் மால்தின்தி.

"கிழவர் எப்ப செத்தார்?" என்று கேட்டார் பர்சாக்கி.

"ரெண்டாம் அங்கம் முடிஞ்சதும்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் முன்னபின்ன ரெண்டு மணி நேரம் இருக்கும்னு இழுக்குறார். டாக்டர் எதுக்குய்யா? கஸ்தோனே போதும்."

கஸ்தோனே எங்கள் டெனர், உச்சக்குரல் பாடகன். குரல் எக்காளம், மூளை சல்லடை. பதினோரு வருஷமாக ஒரே வேஷம் கட்டியும் ஒரு வரி தங்காது. நேற்று இரண்டாம் அங்கம் முழுக்கச் சிறைச்சாலைக் காட்சி. நாற்பது நிமிஷம் மேடையில் இரண்டே பேர், கஸ்தோனேயும் அவன் மனைவி இசோலினாவும். அவன் ஒரு சொல் பிசகவில்லை.

"அப்ப கடைசிச் சொல் வரைக்கும் கிழவர் உயிரோட இருந்தார்" என்று மால்தின்தி விரல் விட்டு எண்ணினார். "முதல் அங்கத்துலயும் இடைவேளையிலயும் ஈலியோ மேல பரண்ல, எட்டு பேரோட கயிறு இழுத்துட்டிருந்தான். ரெண்டாம் அங்கத்துல அவனுக்கு வேலை கிடையாது. தூங்கறேன்னு இங்க வந்தான். திரை விழுந்ததும் மத்தவங்க எல்லாம் மேடையில கும்பிடு போட்டுட்டு நின்னாங்க. கீழ அவனும் கிழவரும்தான்."

"கிழவர் எடுத்துக் குடுக்காட்டி அவனால பாட முடியாதா?"

படியில் நின்ற இரண்டு தச்சர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கே மானம் போனது.

"அண்ணே, அவனுக்கு 'ஆமென்' கூட யாராவது எடுத்துக் குடுக்கணும். மெதுவாக் கேளுங்க, ஊருக்கே தெரிஞ்ச விஷயம் இது" என்றேன்.

"எனக்குத் தெரியாதே" என்றார் பர்சாக்கி.

அந்த நேரம் விளக்குக்காரன் செத்திமியோ ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, திட்டியபடியே எங்களைக் கடந்தான். "மேனேஜருக்கு வெளிச்சம் சரியில்லையாம், என் சம்பளத்தைப் பிடிப்பானாம்! பதினோரு வருஷமா அந்த எருமை கஸ்தோனே பெட்டிக்கு முன்னாடி முளையடிச்ச மாதிரி நிக்கும், நானும் அங்கயே விளக்கைத் திருகி வெச்சிருக்கேன். நேத்து திரை தூக்குறப்பவே ஆளைக் காணோம்! பொண்டாட்டி தோள்ல அட்டை மாதிரி ஒட்டிட்டு நிக்குது. நாப்பது நிமிஷம் வெறும் பலகைக்கு வெளிச்சம் போட்டேன்."

"வயசாச்சு, ஆசை வந்திருக்கும்" என்றேன்.

செத்திமியோ துப்பிவிட்டுப் போனான். பர்சாக்கி மட்டும் சிரிக்கவில்லை. வலது காதை அவன் போன பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.

•

லாக்கப்பில் ஈலியோ இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான். கைகளா அவை, வெந்த கணவாய் மாதிரி இருந்தன.

"ரெண்டாம் அங்கம் தொடங்கின உடனே கீழ இறங்கினேன். இருட்டு. காலுக்கடியில ஈரம். எவனோ தண்ணி கொட்டிட்டான்னு நினைச்சு, சாக்கு மேல படுத்தேன்."

"வேற ஏதாவது?"

"கீழ படுத்தா கிழவர் முணுமுணுக்கிறது கேக்கும். கொசு மாதிரி. நேத்து கேக்கல. நல்லாத் தூக்கம் வந்தது." அவன் நிமிர்ந்தான். "அண்ணே, இதச் சொன்னா அந்த மால்தின்தி சிரிக்கிறான். அப்ப அந்த எருமைக்கு எவன் வாய்ல சொல்லு வெச்சான்னு கேக்குறான். எனக்கென்ன தெரியும்? என் விரலைப் பாருங்க. இந்த விரலுக்கு என்ன பதில் சொல்லுவாங்க?"

மணி பன்னிரண்டே கால்.

•

துறைமுகச் சாராயக்கடையில் கடலைமாவு அடை வைத்த ரொட்டியை ஆளுக்கொன்று வாங்கினோம். ரம் ஊற்றிய காப்பியைப் பர்சாக்கி தொடவே இல்லை.

"நேத்து நீ கேலரியிலதானே இருந்தே? ஆட்டம் எப்படி?"

"அவமானம்" என்றேன். "இசோலினாவுக்கு விசில் அடிச்சோம்."

எங்கள் ஊர் ஓபராவில் விசில் என்றால் செருப்படி. கேலரியில், மேல்மாடி மலிவு இருக்கைகளில், உட்காருகிறவர்கள் மூட்டைக்காரர்கள், வலைக்காரர்கள், கொல்லர்கள். கீழே மெத்தை நாற்காலிக்காரன் மன்னிப்பான், நாங்கள் மன்னிக்க மாட்டோம். பதினெட்டு வயதில் கோரஸின் கடைசி வரிசையில் நின்றவள் இசோலினா. சலவைத்தொட்டியில் நின்றுகொண்டே குரல் பழகியவள். இருபது வருஷத்தில் அவளுக்கு ஒரு விசில்கூட விழுந்ததில்லை.

"எதுக்கு அடிச்சீங்க?"

"ரெண்டாம் அங்கத்துல ஒரு வரி வரும் அண்ணே. சிறைக்கம்பியப் பிடிச்சிட்டுப் பாடுவா. பதினோரு தாளக்கட்டு, ஒரே மூச்சு. மத்தவங்க நடுவுல ரெண்டு தடவையாவது மூச்சு வாங்குவாங்க. இவ வாங்க மாட்டா. கேலரியில நாங்களும் அவளோட மூச்சப் பிடிச்சிட்டு உக்காருவோம். எனக்கு எட்டாவதுலயே கண்ணு இருட்டும். அவ பதினொண்ணையும் முடிச்சு, கடைசிச் சுரத்தை நூல் மாதிரி மெலிசாக்கி, அறுக்காம விடுவா. அதுக்காகத்தான் டிக்கெட்டு வாங்கறது. நேத்து அத மூணாப் பிச்சுப் போட்டுட்டா."

"எந்த இடத்துல பிச்சா?"

"பாட்டுப் புரியாத ஆளுக்கு எப்படிச் சொல்றது?"

பர்சாக்கி பதினோரு தீக்குச்சிகளை எடுத்து மேஜையில் ஒன்றையொன்று தொடும்படி நீளமாக வைத்தார். "இது அந்த வரி. எங்க உடைஞ்சதோ அங்க பிரி."

நான் முணுமுணுத்துப் பார்த்து, நாலாவது குச்சிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டேன். எட்டாவதுக்குப் பிறகு இன்னொன்று.

"இந்த வரி முழுக்க அவ மட்டும்தான் பாடுறாளா?"

"அவன் நடுவுல ரெண்டு தடவை குறுக்க வருவான். சின்னச் சின்ன வரி."

அவர் என் தட்டிலிருந்து இரண்டு ஆலிவ் கொட்டைகளை எடுத்து என் கையில் வைத்தார். "அவன் வாய் திறக்கிற இடத்துல வை."

முதல் கொட்டை ஐந்தாவது குச்சியின் தலையில் விழுந்தது. இரண்டாவது ஒன்பதாவதின் தலையில். இரண்டுக்கும் சரியாக ஒரு நொடி முன்னால் இடைவெளி.

என் வாயில் ரொட்டி மரத்தூளாகிவிட்டது.

"அவ மூச்சு வாங்கல" என்றேன். "அவதான் குடுத்திருக்கா. நேத்து அடிக்கொரு தரம் அவன் தோள்ல மூஞ்சியப் புதைச்சா. நாங்க அதக் காதல்னு நினைச்சோம் அண்ணே. காதுல சொல்லு ஓதியிருக்கா! தன்னோட வரியப் பிச்சு, அவன் வாய்ல வெச்சிருக்கா!"

"அப்ப பெட்டியில ஆள் இல்ல. கிழவர் இடைவேளையிலயே செத்தாச்சு. அப்ப ஈலியோ எட்டு பேரோட பரண்ல." பர்சாக்கி குச்சிகளைப் பொறுக்கினார். "பாட்டுத் தெரிஞ்ச ஊரே சேர்ந்து பண்ணின தப்பு இது. நல்லவேளை, எனக்குக் காது போச்சு."

"மால்தின்தி ஒத்துக்க மாட்டார். தீக்குச்சியக் காட்டினா சுருட்டுப் பத்த வெச்சுக்குவார்."

"அவளே சொல்லணும்."

•

ஜூன் மாதப் புழுக்கத்தில் இசோலினா கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒப்பனை அறையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு ஞாயிறு ஆட்டம். மேஜையில் வெந்நீரும் தேனும். பர்சாக்கி தீக்குச்சிகளை அவள் முன்னால் வைத்தார். நாலு, நாலு, மூன்று. அவள் ஒரு பார்வையில் படித்துவிட்டாள்.

"எனக்குத் தொண்டை சரியில்ல" என்றாள்.

"துண்டை எடுத்துட்டுச் சொல்லுங்கம்மா."

அவள் எடுக்கவில்லை. கை மட்டும் துண்டுக்குப் போனது.

"ஈலியோவுக்கு ஏழு விரல் போச்சு. மூணு மணிக்குப் படகு ஏறினா மிச்சமும் போகும்."

"எனக்குக் கழுத்து ஒண்ணுதான் இருக்குங்க" என்றாள் மெதுவாக.

கதவு சுவரில் மோதித் திறந்தது. கஸ்தோனே. நூறு கிலோ, மீசையில் எண்ணெய். "யாருடா இவனுங்க?" என்றவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நான் எழுந்ததுதான் தெரியும். அவன் முஷ்டி என் வாயில் இறங்கியது, என் தலை கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடிச் சில்லுகளோடு தரையில் உட்கார்ந்தபடி பல்லை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"பொம்பள அறையில என்னடா வேலை?"

"மேனேஜர் அனுப்பினாருங்க" என்றார் பர்சாக்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பணிவை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. "கிழவர் போயிட்டார், சொல்லு எடுத்துக் குடுக்கப் புது ஆள் அஞ்சு மணிக்குத்தான் வருவார். ஐயாவால ஒத்திகை பாட முடியாதுன்னு பேசிக்கிறாங்க. பீசாலேர்ந்து வேற டெனர் வந்து கீழ நிக்கிறார். சின்னப் பையனாம், எல்லாம் மனப்பாடமாம்."

"எவன்டா சொன்னது முடியாதுன்னு?" கஸ்தோனே மனைவியைப் பார்த்தான். "ரெண்டு மணிக்கு மேடைக்கு வர்றோம். என்னடி?"

அவள் தலையாட்டினாள்.

வெளியேறும்போது பர்சாக்கி அவள் பக்கம் குனிந்தார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்மா. உங்க பாட்ட மட்டும் பாடுங்க. உங்களோடத மட்டும்."

•

மணி இரண்டே கால். மேடையில் சிறைக்கம்பி, கீழே பியானோ. செத்திமியோவிடம் நேற்றைய விளக்கு நேற்றைய இடத்திலேயே எரியட்டும் என்று பர்சாக்கி சொல்லியிருந்தார். மஞ்சள் வட்டம் எவாரிஸ்தோவின் பெட்டிக்கு முன்னால் காலிப் பலகையில் விழுந்து கிடந்தது. முதல் வரிசை இருட்டில் நான், பர்சாக்கி, மால்தின்தி. பின்னால் தச்சர்களும் கோரஸ்காரர்களும். ஈலியோவின் கையை நசுக்கிய அதே கூட்டம்.

"படகுக்கு நேரமாச்சு" என்றார் மால்தின்தி.

"பதினோரு தாளக்கட்டு. அவ்வளவுதான்."

பியானோ தொடங்கியது. கஸ்தோனே வெளிச்சத்துக்கு வரவில்லை. மனைவியின் தோளோடு ஒட்டி நின்றான். இசோலினா கம்பியைப் பிடித்தாள். துண்டு கழுத்தில் அப்படியே இருந்தது.

பாடினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. பழக்கம், நானும் மூச்சைப் பிடித்தேன். நாலு. அவன் காதை அவள் வாயருகே சாய்த்தான். அவள் கண் ஒரு கணம் அவன் கையைப் பார்த்தது. கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அடி வாங்கினவர்களை எனக்குத் தெரியும். அடுத்த அடிக்கு முன்னாலேயே குனிந்துவிடுவார்கள்.

ஐந்து. அவள் உடைக்கவில்லை.

குரல் ஏறியது. ஆறு, ஏழு. அவன் நுழைய வேண்டிய இடம் போய்விட்டது. வாய் திறந்திருந்தது, சொல் இல்லை. தரையில் விழுந்த மீன் அப்படித்தான் திறந்து மூடும். எட்டு, ஒன்பது. அடுத்த இடமும் வந்தது, போனது. அவன் அவள் முழங்கையைப் பிடித்து முறுக்கினான். முறுக்கின கையோடு அவள் பாடினாள். பத்து. பதினொன்று. கடைசிச் சுரம் மெலிந்து மெலிந்து கேலரி வரைக்கும் போய், அறுபடாமல் நின்றது.

பியானோக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"குடுடி!" என்று கத்தினான் கஸ்தோனே. "நேத்து முழுக்கக் குடுத்தியே, இப்ப என்னடி கேடு உனக்கு?"

மால்தின்தியின் வாயிலிருந்த சுருட்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

தான் என்ன சொன்னோம் என்பது கஸ்தோனேவுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் இரண்டு கைகளும் அவள் கழுத்துக்குப் போயின. அவள் தலை கம்பியில் மோதியது. நான் விளிம்பில் ஏறி, நழுவாத தோளால் அவன் விலாவில் மோதினேன். எலும்பு முறிந்தது, என்னுடையதா அவனுடையதா தெரியவில்லை. மூன்று பேரும் சாய்ந்தோம். அவன் என் காதைக் கடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றான். பர்சாக்கி கோட்டுப் பையிலிருந்து ரிவெட் சுத்தியலை எடுத்து, அவசரமே இல்லாமல், அவன் வலது மணிக்கட்டில் ஒரே அடி அடித்தார். பதினாறு வருஷப் பழக்கம். இரண்டாவது அடி தேவைப்படவில்லை.

தச்சர்கள் அவனை மேடைப் பலகையில் அழுத்திப் பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் பிடித்தால் கொஞ்சம் மிதிப்பார்கள், மிதித்தார்கள்.

"நிறுத்துங்கடா!" என்றார் மால்தின்தி. பிறகு பர்சாக்கியிடம், "சரிய்யா. அவதான் எடுத்துக் குடுத்தா. கிழவர் முன்னாடியே செத்தார். ஈலியோ இல்ல. ஆனா இவன் எப்படி? தன் வாய்ல சொல்லு வெக்கிறவனைத் தானே எவனாவது கொல்லுவானா?"

"அதத்தான் எல்லாரும் நினைப்பாங்க." பர்சாக்கி அந்தக் காலி மஞ்சள் வட்டத்தைக் காட்டினார். "பெட்டியில ஆள் இல்லேன்னு எப்ப தெரியும்? முதல் சொல்லுக்குக் காத்திருந்து, அது வராதப்ப. செத்திமியோ, நேத்து திரை தூக்குறப்ப இவன் எங்க நின்னான்?"

"நான் காலையிலேர்ந்து கத்திட்டு இருக்கேனே!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "பொண்டாட்டி தோள்ல!"

"பதினோரு வருஷமா நின்ன இடத்த, ஒரு சொல்லு பாடறதுக்கு முன்னாடியே விட்டுட்டான். அந்தப் பெட்டி இனிமே பேசாதுன்னு அப்பவே தெரிஞ்ச ஒரே ஆள் இவன்."

இசோலினா துண்டை அவிழ்த்தாள். நாலு விரல் தடம் ஒரு பக்கம், கட்டைவிரல் தடம் ஒரு பக்கம். நீலம் கறுத்திருந்தது.

"சுவரொட்டியில என் பேரைப் பெரிசாப் போட்டாங்கன்னு, நேத்து மத்தியானம்" என்றாள். குரல் கரகரத்தது. "பவுடர் பூசி மறைச்சேன். முதல் அங்கத்துல வேர்த்து வழிஞ்சிடுச்சு. பெட்டியிலேர்ந்து பார்க்கிற கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். நான் மேடைய விட்டு இறங்கறப்ப எவாரிஸ்தோ சொன்னார், 'மகளே, இவனுக்கு இனிமே என் வாய் திறக்காது, ஊரு பார்க்கட்டும்'னு. அதயே இவன்கிட்டயும் போய்ச் சொல்லியிருப்பார். இடைவேளை முடியறப்ப வந்தான். சட்டைக் கையில சிவப்பு. 'கிழவன் குடிச்சிட்டுக் கிடக்கிறான், நீ குடு'ன்னான். குடுத்தேன். குடிச்சிருக்கார்னுதான் முதல்ல நம்பினேன். நம்பணும்னு நினைச்சேன்."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "ஈலியோ கையை நீங்க நசுக்கினப்ப சத்தம் என் அறை வரைக்கும் கேட்டுது."

ஒரு தச்சன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

•

மூன்று மணிப் படகு கிளம்பியது. உள்ளே உட்கார்ந்தவன் வேறு.

ஈலியோ தியேட்டருக்கு வந்து, பரணுக்கு ஏறுகிற ஏணியின் முன்னால் நின்றான். கட்டுப் போட்ட கைகளால் ஒரு படியைத் தொட்டுப் பார்த்தான். தச்சர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றி ஏதோ சொல்ல வந்தான். ஈலியோ அவனைத் தாண்டி நடந்து போய்விட்டான்.

நான் காதில் பஞ்சோடு இசோலினாவின் அறைக் கதவைத் தட்டினேன்.

"நேத்து விசில் அடிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்மா."

"தெரியும். மூட்டைக்காரங்க ரெண்டு விரல வாய்ல வெச்சு அடிப்பீங்க. அது தனியாக் கேக்கும்." அவள் கழுத்தில் பவுடர் பூசிக்கொள்ளவில்லை. "சரியாத்தான் அடிச்சீங்க. மூச்சு உடைஞ்சா அடிக்கணும். காரணத்தையெல்லாம் நீங்க பார்க்கக் கூடாது."

"இன்னிக்குப் பாடுவீங்களா? இந்தக் கழுத்தோட?"

"திரையத் தூக்க ஆள் இருந்தா."

ஐந்து மணிக்கு நான் கேலரிக்குப் போகவில்லை. ஈலியோவின் இடத்தில் பரண்மேல் நின்றேன். தோள் எரிந்தது. கீழே பீசாப் பையன் பிசகாமல் பாடினான். பிறகு அந்த வரி வந்தது. ஆறாவதில் குரல் ஒருமுறை கரகரத்தது. நான் பல்லைக் கடித்தேன். உடையவில்லை. பதினொன்று வரைக்கும் போனது.

கேலரி எழுந்து நின்று கத்தியது. என் இரண்டு கைகளிலும் கயிறு. விசிலடிக்கவும் முடியாது, கைதட்டவும் முடியாது. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.